டிக்கெட்டும் ஒரு சரக்குதான்



2025-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நாம் துணைவியாருடன் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். ஊர் திரும்பியதும் கடைவீதியில் கண்டவர்கள் எல்லோரும், "அங்கே என்னென்ன பார்த்தீங்க அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார்கள். நயாகரா பார்த்தோமா என்றால் இல்லை. நியூயார்க் பார்த்தோமா என்றால் அதுவும் விமானத்தில் இருந்து பார்த்ததோடு சரி. நாம் ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு காரியம். கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகிற கூடைப்பந்துப் போட்டிக்கு அங்கே டிக்கெட் எப்படி விலை ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைத்தான். நாற்பது வருடம் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு வேறு எது படும்?

இதை நமது சங்க இதழில் எழுதுவதற்கு இரண்டு காரணம் உண்டு. நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். மார்ச் மாதம் அங்கே போகிறவர்களுக்கு இது உதவும். இன்னொன்று, இந்த விஷயத்தில் நாம் ஒரு யோசனை சொல்லி, அது தப்பாகப் போய், பேரன் முகம் வாடியது. எங்கே தப்பினோம் என்பதை எழுதினால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் போட்டி இன்னது என்று சொல்லிவிடுகிறோம். அங்கே பல்கலைக்கழகங்களின் விளையாட்டை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம். 1939-ல் 8 அணிகளோடு தொடங்கிய ஆண்கள் போட்டி 1985-ல் 64 அணி ஆனது, 2011-ல் 68 அணி ஆனது. தோற்றால் வெளியே. மறு ஆட்டம் என்பதே கிடையாது. மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும். முதல் இரண்டு சுற்றுகள் நாடு முழுக்க எட்டு ஊர்களில் நடக்கும். பிறகு நான்கு ஊர். கடைசி நான்கு அணிகளும் ஒரே ஊரில், பெரிய கால்பந்து அரங்கின் நடுவே தரை போட்டு ஆடுவார்கள். 2014-ல் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் 79,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால் கூட்டத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வியாபாரி கவனிக்கவேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. எந்த ஊரில், எந்த அரங்கில், எந்தத் தேதியில் ஆட்டம் என்பது வருடக்கணக்கில் முன்னாலேயே முடிவாகிவிடும். டிக்கெட்டும் மாதக்கணக்கில் முன்னாலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆனால் அந்த அரங்கில் ஆடப்போகிற அணி எது என்பது, ஆட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். அதற்குத் 'தேர்வு ஞாயிறு' என்று பெயர். அதாவது எத்தனை மூட்டை என்று தெரியும், எந்தக் கிட்டங்கி என்று தெரியும், மூட்டைக்குள்ளே துவரையா உளுந்தா என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரியாமலே விலை பேசி வாங்கவேண்டும். தெரிந்த பிறகுதான் வாங்குவேன் என்றால், அப்போது ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

மகள் இருப்பது வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரை ஒட்டிய கேரியில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். பக்கத்திலேயே டர்ஹம் என்ற ஊரில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. கூடைப்பந்தில் பெரிய பேர். அந்த வருடம் கூப்பர் ஃபிளாக் என்ற முதலாண்டு மாணவன் அந்த அணியில் ஆடினான். பன்னிரண்டு வயதுப் பேரன் அவன் படத்தைத்தான் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தான். அந்த வருடம் முதல் இரண்டு சுற்றுக்கான எட்டு ஊர்களில் ராலேயும் ஒன்று. மார்ச் 21 வெள்ளிக்கிழமையும் 23 ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம். வெள்ளியன்று மதியம் இரண்டு ஆட்டம், மாலை இரண்டு ஆட்டம். மதியத்துக்குத் தனி டிக்கெட், மாலைக்குத் தனி டிக்கெட். ஞாயிறன்று இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே டிக்கெட். மூன்றையும் சேர்த்து மொத்தமாகவும் வாங்கலாம்.

மார்ச் முதல் வாரத்தில் வீட்டில் பேச்சு வந்தது. மகள் சொன்னாள், "இப்பவே நாலு டிக்கெட் மொத்தமா வாங்கிடுங்க. டியூக் இங்கதான் வரும்." மருமகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், எதையும் நாலு இடத்தில் விலை பார்த்துத்தான் வாங்குவார். அவர் சொன்னார், "கடைசி நாளில் விலை விழும் மாமா. வாங்கி வைத்தவன் எல்லாம் ஆட்டம் தொடங்குவதற்குள் தள்ளிவிடப் பார்ப்பான். நீங்களே சொல்லுங்க." நம்மைக் கேட்டுவிட்டார் அல்லவா? நாமும் தலையாட்டினோம்.

தலையாட்டியதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. பொங்கல் கரும்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போகிக்கு முந்தின நாள் கட்டு ஒரு விலை, பொங்கலன்று காலையில் ஒரு விலை, அன்று சாயங்காலம் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அது மாட்டுக்குத்தான். டிக்கெட்டும் அப்படித்தானே? ஆட்டம் முடிந்தால் அது வெறும் காகிதம். இப்போது காகிதம்கூட இல்லை, செல்போனுக்குள் ஒரு படம். மருமகன் இன்னொன்றும் எடுத்துக் காட்டினார். ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் என்ற பொருளாதார அறிஞர் 2012-ல் எழுதியது. அவர்கள் ஊர் பேஸ்பால் ஆட்டத்தின் மறுவிற்பனை டிக்கெட்டுகளை ஆராய்ந்து, ஆட்டம் நெருங்க நெருங்க விற்பவர்கள் விலையை 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார். கரும்பும் சொல்கிறது, படித்தவரும் சொல்கிறார். பொறுத்திருப்போம் என்று முடிவானது.

மகளுடைய கணக்கு வேறு. போட்டியை நடத்தும் குழு, முதல் தரம் என்று வரிசைப்படுத்துகிற அணிகளை முடிந்தவரை அவரவர் ஊருக்குப் பக்கத்து அரங்கில்தான் போடும். டியூக் அந்த வருடம் தேர்வு ஞாயிறு வரை 34 ஆட்டத்தில் 31 ஜெயித்திருந்தது. ஆகவே அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே பாதி விஷயம் தெரிந்ததுதான். மேலும் டியூக்கின் சொந்த அரங்கு சின்னது. 9,314 பேர்தான் உட்காரலாம். மாணவர்களும் பழைய ஆட்களுமே அதை நிரப்பிவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற சாதாரணக் குடும்பத்துக்கு அங்கே இடம் கிடைப்பதே அபூர்வம். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ராலே அரங்கைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். இதை மகள் இரண்டு தடவை சொன்னாள். நாம் காதில் வாங்கினோமே தவிர மனதில் வாங்கவில்லை.

நடுவிலே ஒரு சம்பவம். மார்ச் 13-ம் தேதி வேறொரு போட்டியில் ஃபிளாக் கணுக்கால் பிசகி விழுந்தான். அடுத்த இரண்டு ஆட்டமும் ஆடவில்லை. மருமகன், "பாருங்க மாமா, அவன் ஆடமாட்டான்னா விலை சரியும்" என்றார். பேரன் அழாத குறை. ஒரு பிள்ளையின் கணுக்காலை வைத்து விலை பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நமக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லவேண்டும், நாமும் மறுநாள் காலையில் எழுந்ததும் விலையைத்தான் கேட்டோம்.

மார்ச் 16 ஞாயிறு சாயங்காலம் அறிவிப்பு வந்தது. டியூக் ராலேயில்தான். அது போதாதென்று இன்னொரு முதல் தர அணியான ஃபுளோரிடாவும் அங்கேயே. 2023, 2024 இரண்டு வருடமும் கோப்பை வாங்கிய கனெக்டிகட்டும் அங்கேயே. அன்று இரவே விலை ஏறியது. திங்கள், செவ்வாய் என்று தினமும் பார்த்தோம். புதன்கிழமை ஃபிளாக் ஆடுவான் என்ற பேச்சு பலமானது. வெள்ளி மதிய டிக்கெட் கரும்பு மாதிரி இறங்கும் என்று உட்கார்ந்திருந்தோம். வியாழன் இரவு வரை இறங்கவில்லை. நாலு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பதும் நின்றுபோனது.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. நாம் தப்பான சரக்கை நினைத்துக்கொண்டிருந்தோம். கரும்பை நினைத்தோம். நினைத்திருக்கவேண்டியது முகூர்த்த நாள் மதுரை மல்லியை!

மல்லியும் ஒரு நாள் சரக்குதான். மறுநாள் வாடிவிடும். ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மல்லி விலை இறங்கி யாராவது பார்த்திருக்கிறோமா? ஏறத்தான் செய்யும். ஏன்? கல்யாண வீட்டுக்காரன் வாங்காமல் போகமுடியாது. வருகிற பூவோ குறைவு. கரும்பு அப்படியல்ல. லாரி லாரியாக வந்து இறங்கிவிடும். வாங்கவேண்டியவர்கள் முந்தின நாளே வாங்கிவிடுவார்கள். மிஞ்சியது விற்பவன் தலையில். ஆகவே அழுகும் சரக்கு என்பதாலேயே கடைசியில் விலை விழும் என்று சொல்லக்கூடாது. கடைசி நேரத்தில் மிச்சம் இருப்பது சரக்கா, அவசியக்காரர்களா என்று பார்க்கவேண்டும். அந்தப் பேராசிரியர் எழுதியதும் சரிதான். பேஸ்பாலில் ஒரு அணி வருடத்துக்குச் சொந்த ஊரிலேயே 81 ஆட்டம் ஆடுகிறது. இன்று இல்லாவிட்டால் நாளை பார்க்கலாம். அது கரும்பு. உள்ளூர் அணி உள்ளூர் அரங்கில் ஒரே வாரம் ஆடும் தோற்றால்-வெளியே ஆட்டம் மல்லி. நாற்பது வருடம் வியாபாரம் செய்தவனுக்கு இது வியாழன் இரவுதான் விளங்கியது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வெள்ளி மாலை டிக்கெட் மட்டும் இறங்கியிருந்தது. அதே அரங்கு, அதே நாற்காலி, அதே நாள். மதியத்தில் டியூக் ஆடுகிறது, மாலையில் ஆடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மொத்தமாக மூன்று டிக்கெட்டும் வாங்கியிருந்த டியூக் ரசிகர்கள் மதியத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் வைத்துக்கொண்டு மாலையைத் தள்ளிவிட்டார்கள். மருமகன் நாலு டிக்கெட் வாங்கினார். அவர், பேரன், பேத்தி, நாம். துணைவியார் வரவில்லை, இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டாவது ஆட்டம் தொடங்கும் என்றதும், "அதுக்கு நான் வீட்டிலேயே தூங்கிக்கிறேன்" என்றுவிட்டார்.

அரங்கின் வாசலில் மதிய ஆட்டம் பார்த்துவிட்டு வந்த நீலச் சட்டைக்காரர்கள் சிலர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். டியூக் 93-க்கு 49 என்று ஜெயித்திருந்தது. ஃபிளாக் ஆடினான். பேரன் அவர்களையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை மருமகன் அன்று காலையில் இரண்டு மட்டும் வாங்கினார். அப்பாவும் பிள்ளையும் போனார்கள். ஃபுளோரிடா கனெக்டிகட்டை 77-75 என்று மயிரிழையில் ஜெயித்தது. அடுத்து டியூக் பெய்லர் அணியை 89-66 என்று ஜெயித்தது. பேரன் ஃபிளாக்கை நேரில் பார்த்துவிட்டான். ஆனால் கணக்குப் பார்த்தால், மார்ச் முதல் வாரத்தில் நாலு பேருக்கு மூன்று டிக்கெட்டும் மொத்தமாக வாங்கியிருக்கக்கூடிய தொகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இப்போது வாங்கிய நாலு மாலை டிக்கெட்டும் இரண்டு ஞாயிறு டிக்கெட்டும். மகள் நம்மைப் பார்த்து, "அப்பா, நீங்க இனிமே பருப்புக்கு மட்டும் யோசனை சொல்லுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இன்னொரு வேடிக்கை உண்டு. யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட அந்த வெள்ளி மாலையில் நாம் பார்த்தோமே ஃபுளோரிடா அணி, அதுதான் ஏப்ரல் 7-ம் தேதி சான் ஆன்டோனியோவில் ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. டியூக் அரை இறுதியில் அதே ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. மலிவாகக் கிடைத்த மூட்டைக்குள்தான் முதல் தரச் சரக்கு இருந்திருக்கிறது. அது அன்றைக்கு மார்க்கெட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பேரனுக்கு அது சமாதானம் ஆகியிருக்காது. அவனுக்கு வேண்டியது ஃபிளாக்.

பிறகு மருமகனிடம் பழைய வருடங்களைப் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். 2022-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கடைசி நான்கு. டியூக்கும், அதன் பரம எதிரியான பக்கத்து ஊர் வட கரோலினா அணியும் அரை இறுதியில் மோதுவது மார்ச் 27 இரவுதான் முடிவானது. டியூக்கில் 42 வருடம் பயிற்சி தந்த மைக் ஷஷெவ்ஸ்கிக்கு அதுதான் கடைசி வருடம். ஆட்டம் ஏப்ரல் 2. மறுவிற்பனை விலை எங்கோ போய்விட்டது. கடைசி வாரத்தில் விழும் என்று காத்திருந்தவர்கள் வீட்டில் டி.வி.யில்தான் பார்த்திருப்பார்கள்.

அடுத்த வருடமே நேர்மாறு. 2023-ல் கடைசி நான்கு ஹூஸ்டன் நகரில். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் முதல் தர அணி. சொந்த ஊரில் கோப்பை ஆடப்போகிறது என்று எதிர்பார்ப்பு. ஆனால் அது அதற்கு முன்னாலேயே மயாமியிடம் தோற்றுவிட்டது. கடைசியில் வந்து சேர்ந்த நான்கு அணிகளில் முதல் மூன்று தர வரிசையில் ஒன்றுகூட இல்லை. போட்டி வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. உள்ளூர் அணியை நம்பி முன்னமே வாங்கி அடுக்கியவர்கள் நிலைமையை நாம் சொல்லவேண்டியதில்லை. அதே 2023-ல் ஓஹயோ மாநிலம் கொலம்பஸில் முதல் சுற்று. பக்கத்து மாநிலமான இந்தியானாவில் இருந்து பர்டூ அணியின் ரசிகர்கள் காரில் வரக்கூடிய தூரம். முதல் தர அணியான பர்டூ, கடைசித் தர அணியான ஃபேர்லி டிக்கின்சனிடம் வெள்ளி இரவு 63-58 என்று தோற்றது. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பவேண்டிய கூட்டம் அது. சனிக்கிழமை காலையில் கொலம்பஸில் வாங்குகிறவனுக்குக் கரும்பு விலை.

இப்படிப்பட்ட சமயம்தான் காத்திருப்பவனுக்குக் காலம். இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. அதற்குள் நான்கு அணி தோற்றுவிடுகிறது. தோற்ற அணிகளின் ஆட்கள் வைத்திருக்கும் இரண்டாம் சுற்று டிக்கெட் சந்தைக்கு வரும். அந்த நான்கில் ஒன்று பக்கத்து ஊர் அணியாக இருந்தால் விலை சரியும். பக்கத்து ஊர் அணி ஜெயித்துவிட்டால் சரியாது. ராலேயில் நடந்தது இரண்டாவது.

இந்த வேறுபாட்டை மறந்து "எப்பவும் கடைசியில் வாங்கு" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆட்கள் என்பதையும் கவனித்தோம். தனி ஆளுக்கு ஒரு நாற்காலி எங்காவது கிடைத்துவிடும். நாலு நாற்காலிக்கு நடுவே தவறிப்போன ஒன்றை விற்பவன் எந்த விலைக்கும் தருவான். நம் கடையில் தையல் பிரிந்த மூட்டையை என்ன செய்கிறோம்? அது மாதிரி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து உட்காரவேண்டும் என்றால் அந்தச் சரக்கு வேறு, அதன் மார்க்கெட் வேறு. வெளியூரில் இருந்து விமானம் ஏறிப் போகிறவர்களுக்கு இன்னும் வேறு. டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கக் காத்திருந்தால், ஓட்டல் அறையும் விமானமும் அதற்குள் ஏறிவிடும். ரத்து செய்தால் பணம் திரும்பும் என்ற ஓட்டல் அறையை முதலில் பிடித்துவைத்துவிட்டு, டிக்கெட்டை அப்புறம் பார்ப்பவர்களை அங்கே கண்டோம். புத்திசாலிகள்.

விலையைப் பற்றி நமக்கு ஒரு குறை. ஒரு விற்பனைத் தளத்தில் மருமகன் முதலில் ஒரு தொகையைக் காட்டினார். எல்லாம் பூர்த்தி செய்து பணம் கட்டப்போகும் இடத்தில் பார்த்தால் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று தொகை வேறு. நாம் கோபப்பட்டோம். எட்டணா பிஸ்கட் காலத்தில் இருந்தே அட்டையில் போட்ட விலைக்கு மேல் வாங்கினால் நம்மைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எல்லா வரியும் உட்பட என்று போட்டுத்தான் விற்கிறோம். இவ்வளவு பெரிய நாட்டில் இது எப்படி என்று கேட்டோம். நாம் ஊர் திரும்பிய பிறகு, 2025 மே 12 முதல், நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்குக் கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்று அவர்களுடைய மத்திய வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டதாக மருமகன் போனில் சொன்னார். நல்ல காரியம். கட்டணம் சேர்க்காத விலையைப் பார்த்து ஏறியது இறங்கியது என்று பேசியதே வீண் வேலை.

பணம் திரும்புமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். 2020-ல் கொரோனா வந்து, மார்ச் 12-ம் தேதி, தேர்வு ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போது, போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். நடத்துகிறவரிடம் நேரடியாக வாங்கியது ஒரு நிலைமை, மூன்றாம் கை மாறி வாங்கியது ஒரு நிலைமை. வாங்கும்போது யாரிடம் வாங்குகிறோம் என்பதும் விலையில் ஒரு பகுதிதான்.

நம்முடைய பழைய கதை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்த நாம், 2016-ல் விலை இறங்கத் தொடங்கியபோதும் மறுபடி ஏறும் என்று சரக்கை வைத்துக்கொண்டிருந்தோம். எத்தனை மூட்டை என்று எழுத மனம் வரவில்லை. அந்தப் பருவ விளைச்சல் வந்து, துவரை அரசாங்கம் குவிண்டாலுக்கு நிர்ணயித்த 5,050 ரூபாய்க்கும் கீழே போனது. அப்போது முந்தின வருடத்தையே நினைத்துக்கொண்டு இருந்தோம். ராலேயில் கரும்பையே நினைத்துக்கொண்டு இருந்தோம். நட்டம் பருப்பில்தான் பெரிது. ஆனாலும் பருப்பை நட்டத்துக்காவது அடுத்த மாதம் விற்றுவிடலாம். வெள்ளி மதிய ஆட்டத்தை யாரிடம் போய் அடுத்த மாதம் வாங்குவது?

தீபாவளிக்கு வெல்லமும் எண்ணெயும் கடலைப்பருப்பும் வாங்க வருகிற சில்லறைக் கடைக்காரர்கள், "இறங்கட்டும் அண்ணாச்சி, கடைசியில் எடுத்துக்கறேன்" என்று சொல்லும்போது நாம் இப்போது ஒன்று கேட்கிறோம். அந்தச் சரக்கு இல்லாவிட்டால் உன் கடைக்கு வரும் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவானா, அல்லது வேறு ஒன்றை வாங்கிக்கொள்வானா? போய்விடுவான் என்றால் தேவையில் பாதியையாவது இப்போதே எடுத்துக்கொள். மீதிப் பாதிக்கு வேண்டுமானால் விலையோடு விளையாடு. இதைச் சொல்வதால் நமக்கு விற்பனை ஆகிறது என்று சிலர் நினைக்கலாம். ஆகத்தான் செய்கிறது. அதற்காகச் சொல்லாமல் இருக்கமுடியுமா?

மகளுக்கும் அப்படியேதான் எழுதினோம். இன்னொரு முறை ராலேயில் ஆட்டம் வந்து, டியூக் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வருடமாகவும் இருந்தால், தேர்வு ஞாயிறுக்கு முன்னாலேயே நாலு டிக்கெட்டும் சேர்ந்தாற்போல் வாங்கிவிடு. வேண்டாத மாலை டிக்கெட்டைப் பிறகு விற்றுக்கொள். டியூக் சுமாரான வருடமாக இருந்தால் சும்மா இரு. சனிக்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதில் பேத்தியிடம் இருந்து வந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவள். பெண்கள் போட்டியில் முதல் பதினாறு தர அணிகள் முதல் இரண்டு சுற்றையும் தங்கள் சொந்த அரங்கிலேயே நடத்துகின்றன. 2025-ல் டர்ஹமில் டியூக், ராலேயில் வட கரோலினா ஸ்டேட், சாப்பல் ஹில்லில் வட கரோலினா என்று மூன்று அணியுமே அந்த வரிசையில் இருந்தன. நாம் வெள்ளி மதிய டிக்கெட் இறங்குமா இறங்குமா என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அதே நாட்களில், வீட்டில் இருந்து காரில் போகிற தூரத்திலேயே மூன்று அரங்கில் தேசியப் போட்டி நடந்திருக்கிறது. "எங்களுக்கு அதுக்குப் போகணும்னு இருந்துச்சு தாத்தா. யாரும் கேக்கவே இல்லையே" என்றாள்.